எந்தச் சிரிப்பு அவருடையது

விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பீங்கான் ஜாடி.

“துபாய்லேருந்து அவரு இங்கிலீஷ் சிரிப்பு சீரியல் டிவிடி அனுப்பியிருக்காருக்கா. நாலு டிஸ்க்கு. பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சாராம். நான் எந்த எடத்துல சிரிச்சேன்னு வெள்ளிக்கிழம போன்ல கேப்பாரு. ரெண்டு பேரும் ஒரே எடத்துல சிரிச்சோமான்னு பாக்கணுமாம்.”

“சிரிப்பு வந்த எடத்தச் சொல்லேன்.”

“எனக்கு ஒண்ணும் புரியலக்கா. அதுல யாரு வாயத் தொறந்தாலும் பின்னாடி கூட்டமா சிரிக்கிறாங்க. இவரு எதுக்குச் சிரிச்சாருன்னு எப்படித் தெரியும்?”

“வூட்ல இருந்தப்ப எதுக்குச் சிரிப்பாரு?”

“கல்யாணமாயி இங்க இருந்ததே ஒரு மாசம். வூடு பூரா விருந்தாளிங்க. அப்பவும் எல்லாரும் சேந்துதான்க்கா சிரிச்சாங்க.”