டிஸ்க் மேல் ஒட்டிய சிவப்புச் சீட்டு

என் பெயரையும் வீட்டு முகவரியையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு. நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பதினாறு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். வழியில் இரண்டு முறை திரும்பிப் போய்விடலாமா என்று நின்றதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பதிவுகளுக்கு நகல் எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. தினமும் மாலை நகல் எடுத்ததும் அதைக் கழற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவது என் பொறுப்பு. ஆனால் ஒருமுறை கழற்றினால் மறுபடி கம்ப்யூட்டர் அதை லேசில் ஏற்காது, வயரை ஆட்டி ஆட்டியே உயிர் போய்விடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் அதைக் கழற்றாமலே விட்டு, "யாரும் தொடக்கூடாது" என்று ஒரு சீட்டில் சிவப்பு மையில் எழுதி மேலே ஒட்டினேன். அலமாரி நோட்டில் மட்டும் "வைத்துப் பூட்டப்பட்டது" என்று தினமும் எழுதி வந்தேன்.

அறையைக் கூட்டும் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். "அதைத் தொட்டீங்கன்னா என் வேலை போயிடும்க்கா" என்றேன். "அய்யய்யோ, அந்தப் பக்கமே வரமாட்டேம்மா" என்றார். அன்று முதல் மேஜை முழுவதும் துடைப்பார், டிஸ்க்கைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தூசி அப்படியே கிடக்கும்.

கடந்த திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டதும், எல்லாப் பதிவுகளையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால்தான் திறப்போம் என்று திரையில் வந்தது. யாரும் வருவதற்குள் டிஸ்க்கிலிருந்து சீட்டைப் பிய்த்தெடுத்து டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினேன். அதன் பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்து, "டிஸ்க்கும் போச்சு. தனியா இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். யார் இதை மாட்டினது?" என்று கேட்டார். மேலதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு, "இவங்க பூட்டி வெச்சிருக்காங்க. அப்போ காலைல கூட்ட வந்தவதான் எடுத்து மாட்டியிருக்கணும்" என்றார். அலமாரிச் சாவி தொங்கும் ஆணி அக்காவுக்கும் தெரியும்.

மத்தியானம் போலீஸ் வந்து அக்காவை விசாரணைக்கு அழைத்துப் போனது. போகும்போது, "நீங்க சொல்லுங்கம்மா, நான் அதைத் தொட்டதே இல்லேன்னு" என்றார். நான் குனிந்து ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் பின் ஏற்கனவே நிறைய இருந்தது.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசல் மணி அடித்தால் கதவைத் திறக்க மகளை அனுப்பிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். அவள், "ஏம்மா, பேங்க் ஏதாவது கொள்ளையடிச்சியா?" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலை இங்கே உள்ளே வரும்போது அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தினமும் வரச்சொல்லி உட்கார வைக்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?" என்று கேட்டார்.

சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். எண்ணெய் படிந்திருக்கிறது, ஆனால் படிக்கலாம். நான் சொன்னபடியே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை. யாரும் மிரட்டவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அக்கா அதைத் தொட்டதே இல்லை.

(ஒப்பம்)
எழுத்தர், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு