அணையக் கூடாத மடிக்கணினி

ரயில் பூதலூரைத் தாண்டியதும் எதிர் இருக்கைச் சகோதரிகளில் இளையவள் பதறினாள். "அக்கா, சார்ஜ் நாலு சதவீதம்தான் இருக்கு!"

"அணைஞ்சா பூட்டைத் திறக்குற சாவி அழிஞ்சுடும். சும்மா இரு," என்றாள் மடியில் கணினி வைத்திருந்த அக்கா.

தங்கையின் ஆய்வேட்டை வைரஸ் பூட்டிவிட்டதாம். இன்றே திருவாரூரில் கொடுத்தாக வேண்டுமாம்.

"சாவி எங்கேக்கா இருக்கு?"

"வைரஸ் ஓடுற மெமரிக்குள்ளதான், கணினி அணைஞ்சா அது காலியாயிடும். வைரஸைப் பிரிச்சுக் காட்டுற டிஸ்அசெம்ப்ளர்ல ஒரு ஸ்கிரிப்ட் ஓட விட்டிருக்கேன். ஒவ்வொரு பைட்டா படிச்சுத் தேடுது."

"சீக்கிரம் தேடச் சொல்லேன்!"

"நகத்தைக் கடிக்காதடி."

தஞ்சாவூர் வருவதற்குள் சாவி கிடைத்தது. அக்கா ஆய்வேட்டைத் திறந்து பென் டிரைவில் ஏற்றினாள். தங்கை அழுதேவிட்டாள்.

அக்கா முதல் பக்கத்தைப் படித்தாள். "நன்றியுரையில எல்லாரும் இருக்காங்க. என் பேரைக் காணோமே?"

"நாம பேசாம இருந்தப்ப எழுதினது, அக்கா."