சாப்பாட்டு டப்பாவின் ரப்பர் பேண்ட்

நான் போட்ட வயரிங்கை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அன்றைய மேடையையும் நன்றாகத்தான் செய்திருந்தேன், ஓர் இடத்தைத் தவிர.

எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போல ஏழரைக்கு மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஐந்தரைக்குத் திரும்புவேன். இப்படி எட்டு மாதம்.

இது ரேடியோவுக்கு மட்டும் தெரியும். ஓயாமல் பேசுவதால் ஷிஃப்டில் அவனுக்கு அந்தப் பெயர். இருபது வருடம் அவன் மிஷின் ஓட்டினான், நான் கரண்ட் வேலை பார்த்தேன். ஊர்க்கதையெல்லாம் பேசுவான், நான் சொன்னதை மட்டும் வெளியே விட்டதில்லை. அவனுக்கும் வேலை போயிருந்தது. அதனால் சொன்னேன்.

பிறகு வேலையிழந்தவர்களுக்காக ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். வயரிங் என் பொறுப்பு. பாட்டுகளுக்கு நடுவில் எங்களில் ஒருவர் பேச வேண்டும். ரேடியோ ஏறி என் டப்பா கதையைச் சொன்னான். மூடி திறக்காமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டிருப்பது வரை சொன்னான். அரங்கமே அழுதது. கைதட்டல் அவனுக்கு, அவமானம் எனக்கு. அதைவிடப் பெரிய துரோகம் எனக்கு யாரும் செய்ததில்லை.

"ஏன்டா சொன்ன?" என்றேன்.

"பேரைச் சொல்லலியேடா. எத்தனை பேர் அழுதாங்க பாத்தியா? நாலு பேருக்கு நல்லது நடக்கட்டுமே மச்சான்."

அடுத்த மாதம் மறுபடியும் நிகழ்ச்சி. அதே கதையைச் சொல்லும்படி அவனிடம் கேட்டிருந்தார்கள். இந்த முறை பக்கத்து வீட்டு அக்கா என் மனைவிக்கும் டிக்கெட் வாங்கிவிட்டாள். அந்த ரப்பர் பேண்டைத் தினமும் போடுகிறவள் அவள்தான். ரேடியோவிடம் இரண்டு முறை கெஞ்சினேன்.

"தங்கச்சிக்குத் தெரிஞ்சா தெரியட்டும்டா. உன் பாரம் இறங்கும்."

என் பாரத்தை இறக்கிவைக்க அவன் யார்?

பேச்சாளர் மைக்கின் எர்த் வயரைக் கழற்றினேன். கூடச் செய்ததை உங்கள் போலீஸ் நிபுணர் அறிக்கையில் சரியாகவே எழுதியிருக்கிறார். பாடகர்களுக்கு வயரில்லாத மைக். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். வேலையில் அலட்சியம் எனக்குப் பிடிக்காது. ரேடியோவுக்கு மிஷின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசித்தான் பழக்கம். மேடையிலும் ஒரு கையில் மைக், மறு கையில் ஓரத்து இரும்புக் கம்பி. "எனக்கு ஒரு நண்பன்" என்பதோடு பேச்சு நின்றது. தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

நேற்று மனைவி என்னைப் பார்க்கச் சிறைக்கு வந்தாள். ரேடியோவின் வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு நேராக வந்திருந்தாள்.

"எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும். துவைக்கிற சட்டையில கிரீஸ் கறையே இல்ல. நீங்களா சொல்வீங்கன்னுதான் தினமும் டப்பா கட்டினேன்."

பாவம், என் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.