தூசின்னா நெளியாது

அய்யே, நாளைக்கி வர்றேன்னா எப்படி சார்? உங்க புண்ணுலேர்ந்து எடுத்த தண்ணி ஸ்லைடுல இருக்கு. காஞ்சா கிருமி செத்துரும், உசுரோட இருக்கறப்பவே பாக்கணும். அடுத்த மாசம் கல்யாணம்னு டாக்டர்கிட்ட சொன்னீங்கல்ல? அப்ப உக்காருங்க.

சாயமா? அது இதுக்கு வேணாம். சிபிலிஸ் கிருமி ரொம்ப ஒல்லி, சாதா லைட்ல சிக்காது. அதான் இந்த மைக்ராஸ்கோப்புல லைட்ட நேரா விடாம பக்கவாட்டுல விடறோம். தியேட்டர்ல டார்ச் அடிச்சா தூசி பறக்கறது தெரியும்ல, அந்த மாதிரி. சுத்தியும் கருப்பு, கிருமி மட்டும் மின்னும்.

பப்ளிக் டாய்லெட்ல ஒட்டிக்கிச்சா? இந்த நீலசந்திரா ஏரியாவுல பதினோரு வருஷமா இந்த லேப்ல இருக்கேன், வர்ற ஆம்பளைங்க அத்தன பேரும் அதத்தான் சொல்றாங்க. டாய்லெட் பாவம் சார்.

முன்னாடி கிளாரன்ஸ்னு ஒருத்தர் இங்க இருந்தாரு. ஸ்லைட சரியா துடைக்காம, மின்னுன தூசியப் பாத்துட்டு கிருமின்னு எழுதிட்டாரு. அந்த பேஷன்ட் பயந்துபோய் பொண்டாட்டி கால்ல விழுந்து, பழசையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டான். மறுநாள் புதுசா தண்ணி எடுத்துப் பாத்தா கிருமியே இல்ல, முன்ன மின்னுனது வெறும் தூசி! அப்புறம் அவ விடுவாளா?

தூசி சும்னே, சும்மா இருந்த எடத்துலயே ஆடும் சார், தானா நெளியாது. இது ஸ்குரூ மாதிரி சுத்தி, நடுவுல மடங்கி நிமிரும்.

இருக்கு சார். ஆமா, உங்களுதுதான். மூணு தடவ லென்ஸ துடைச்சு பாத்துட்டேன். தூசியா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன், இந்த வேலைல யாருக்கும் நான் அப்படி வேண்டுனதில்ல.

அட, அழாதீங்க. பென்சிலின் ஊசி போட்டா குணமாயிரும். ஆனா டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கல்யாணத்தத் தள்ளிப் போடணும். ஏன்னு பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும்.

என் வாயால வராது, பயப்படாதீங்க. வேலைன்னா வேலை. ஆனா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வருது, அதையும் சொல்லிடறேன்.

எனக்கெதுக்கு இவ்ளோ அக்கறையா? எந்திரிங்க, ஊசி ரூம் அந்தப் பக்கம். நிச்சயதார்த்தத்துக்கு டூட்டின்னு என்னால வர முடியல, போட்டோவுலதான் உங்களப் பாத்தேன். ஞாயித்துக்கிழம முகூர்த்தப் புடவை எடுக்க ரெண்டு வீட்டாரும் போறோம், அதுக்குள்ள சொல்லிடுங்க. உங்க வீணா எங்கக்கா பொண்ணு, மாப்ள.