குயில் தேனீயை ரிஜெக்ட் செய்தவன்

டீயை ஆறவிடாதீர்கள் சார். ஏலக்காய் கொஞ்சம் ஜாஸ்தி. என் தங்கை மஹ்பூபியின் கை அப்படி. ஆம்பூர்த் தண்ணீரில் இவ்வளவு நல்ல டீ வருவதே பெரிய விஷயம்.

குயில் தேனீயைப் பார்க்க வேலூரிலிருந்து வந்தீர்கள். ஒன்றுகூட இல்லை. காரணம் நான்தான்.

இருபத்தாறு வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் செலக்ஷன் பார்த்தவன் நான். மேஜைமேல் தோலை விரித்துத் தடவினால் எங்கே முள் கிழித்தது, எங்கே பூச்சி கடித்தது என்று விரல் சொல்லிவிடும். நல்லது இந்தப் பக்கம், ரிஜெக்ட் அந்தப் பக்கம்.

தங்கை மகள் சஹர் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். ஒருநாள் பின்பக்க மண்சுவரைக் காட்டினாள்.

"மாமூ, இந்த ஓட்டைங்க எல்லாம் நீலப்பட்டைத் தேனீ தோண்டின வீடு. அந்த நீலப்புள்ளிக்காரி குயில் தேனீ. அது வீடே கட்டாது. இவ வெளிய போனதும் உள்ள பூந்து முட்டை வச்சிடும். இந்தப் பக்கத்துல வேற எங்கயும் இல்ல, நம்ம சுவத்துலதான்."

அவளுக்குப் பெருமை. எனக்கு வயிறு எரிந்தது. ஒருத்தி மண்ணைச் சுரண்டி மகரந்தம் சேர்த்து வைப்பாளாம். இன்னொருத்தி பிள்ளை நோகாமல் நுங்கு தின்னுமாம்.

சுவரை இடித்து கார் ஷெட் போட நினைத்திருந்தார் தங்கை மாப்பிள்ளை அஹமது பாஷா. சஹர் அழுது கெஞ்சினாள், வேலூருக்கு உங்களுக்கும் எழுதினாள். "அந்த சார் வந்து உயிரோட ஒண்ணு பார்க்கட்டும், சுவத்தைத் தொட மாட்டேன். இல்லன்னா ஷெட்தான்" என்றார்.

தினமும் காலையில் சுவரோரம் நாற்காலி போட்டு, கொசு பேட்டோடு உட்கார்ந்தேன். நீலப்பட்டை வந்தால் வழிவிட்டேன். நீலப்புள்ளி வந்தால் ரிஜெக்ட். பக்கத்தில் இருந்த நல்ல தேனீ ஒன்றுக்கும் அடி படவில்லை. ஒன்பதாம் நாள் ரிஜெக்ட் எதுவும் வரவில்லை. எல்லாம் இந்தத் தீப்பெட்டியில் இருக்கின்றன. வெயிலில் பிடித்தால் இன்னும் மின்னும், பாருங்கள்.

கொத்தனார் கடப்பாரையோடு வாசலில் நிற்கிறார். சஹர் உள்ளே அழுகிறாள். சுவர் போனால் உழைத்த தேனீக்களும் போகும். அதை நான் யோசிக்கவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் செய்தது நியாயம்தான். அடுத்தவர் கட்டிய வீட்டில் நோகாமல் இருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

"பாய்ஜான், சோறு வச்சிட்டேன்!" மஹ்பூபி கூப்பிடுகிறாள்.

ஷாப் மூடியபோது பத்து நாள் இருக்கலாமென்று இங்கே தங்கை வீட்டுக்கு வந்தேன். பதினாலு வருடம் ஓடிவிட்டது. சஹருக்கென்று கட்டிய மாடி அறையில் நல்ல காற்று வரும், அதனால் நான் அங்கே படுக்கிறேன். அவள் கூடத்தில் படுத்துக்கொள்வாள், தங்கமான பெண்.

வாருங்கள் சார், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கூச்சப்படாதீர்கள், நம்ம வீடுதான்.