பொத்திப் பேசச் சொன்ன வரிக்காரன்

அவைக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது நிறுத்துவேன் என்று கைக்கடிகாரத்தையே கவலையோடு பார்க்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஆளைக் கண்டாலே அளவெடுத்துவிடும் மூத்த தையற்காரர்களே, வீட்டையும் மிஷினையும் ஓய்வில்லாமல் ஓட்டும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காத கோபத்தில் நிற்கும் தம்பிமார்களே, வணக்கம்.

காஜா எடுக்கிறவளுக்கு மேடையில் என்ன வேலை என்கிறீர்களா? பொத்தானுக்கு ஓட்டை போடுவதுதான் என் தொழில். இன்று ஒருவனுடைய பொய்யில் போட வந்திருக்கிறேன்.

காலையிலிருந்து நம் தெருவில் கடை கடையாக ஒரு குரல் போனில் கூப்பிடுகிறது. "வரி ஆபீஸ்லேருந்து பேசுறேன். உங்க தெருவுலயே ஒருத்தர் மரியாதையா கட்டிட்டாரு, நீங்களும் கட்டிடுங்க" என்கிறது. அது உண்மையானால், கட்டிய அந்த ஒருவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். வாய் திறக்க வெட்கப்படுகிறார். பேங்க் மூடுவதற்குள் அவரைப் பேசவைக்கத்தான் இந்த அவசரக் கூட்டம்.

அந்தக் குரல் முதலில் பிடித்தது என் நாத்தனாரை. எங்கள் கடையில் துணி வெட்டுகிறவள்.

"மூணு வருஷ வரி பாக்கி. அரை மணி நேரத்துல கட்டலன்னா போலீஸ் வரும். போனை வைக்கக் கூடாது. பக்கத்துல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

பயந்த சுபாவமா அவளுக்கு? என்னோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள் ஐயா அவள். அவளே வெலவெலத்துப் போனாள். தனிக்கடை போடச் சேர்த்த பணம் முழுவதும் விரல் நுனியில் நின்றது.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டே. துணியில் கத்திரி வைக்கும் முன் "வெட்டட்டுமா?" என்று கேட்கவேண்டும். அளவைச் சரிபார்த்து இன்னொருவர் "வெட்டு" என்றால்தான் வெட்டலாம். வெட்டின துணி ஒட்டாதல்லவா? பணம் அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தவள் பழக்க தோஷத்தில் உரக்கக் கேட்டுவிட்டாள்: "வெட்டட்டுமா?"

கையில் கத்திரி இல்லை. மேசையில் துணி இல்லை. என் மிஷின் நின்றது. பக்கத்து மிஷின் நின்றது.

"எதைடி வெட்டப் போற?" என்றேன்.

"சேத்து வச்ச காசை, அண்ணி."

போனை வாங்கினேன்.

"யாருப்பா நீ?"

"வரி ஆபீசர்."

"நல்லதாப் போச்சு. நாங்க எல்லாரும் நேர்லயே வர்றோம். எந்த மாடி?"

"வெளிய சொன்னா கேஸ் பெருசாகும்மா."

"ஆகட்டும் ராசா. பிடிச்சுத் தச்சுச் சின்னதாக்கிடலாம்."

வைத்துவிட்டான்.

சிரித்தது போதும். கேட்கிறேன்: நேர்மையான வரிக்கு ஒளிவு எதற்கு? நியாயமான பாக்கிக்கு மிரட்டல் எதற்கு? பாக்கி இருந்தால் ஆபீசுக்குப் போவோம், கேட்போம், கட்டுவோம், ரசீதோடு திரும்புவோம். பதறிக் கட்டமாட்டோம். பதுங்கிக் கட்டமாட்டோம். முகம் காட்டாதவன் மிரட்டலுக்கு முந்தானையில் முடிந்த காசை அவிழ்க்கமாட்டோம். ஏமாந்தவருக்கு என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவன் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒளிந்துகொண்டல்லவா இருக்கிறான்!

தூண் பக்கம் கை தூக்குவது யார்? இஸ்திரிக்கார அண்ணனா? சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணே.

"நான்தாம்மா கட்டினேன். பொண்ணு காலேஜுக்கு வச்சிருந்தது. வீட்டுல கூடச் சொல்லல."

எப்போது கட்டினீர்கள்?

"இன்னிக்குத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி."

கேட்டீர்களா? இவரைப் பார்த்து எவனாவது சிரித்தால் அவன் சட்டைக்கு இந்த ஜென்மத்தில் காஜா கிடையாது. அண்ணே, நிமிருங்கள். சூடு ஆறுமுன் பேங்கில் சொன்னால் பணத்தை நிறுத்த வழி இருக்கலாம். இல்லாமலே போனாலும், போலீசில் புகார் கொடுக்க நீங்கள் தனியாகப் போகப் போவதில்லை.

நாத்தனாரே, முதலில் பேங்குக்குப் போன் போடு. தலைவரே, கடிகாரத்தை விடுங்கள், சைக்கிளை எடுங்கள். தாய்மார்களே, கிடைத்த செருப்பை மாட்டுங்கள். பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், துணிந்து வாய் திறந்த அண்ணனுக்கும் என் நன்றி. மிச்ச வணக்கத்தை பேங்க் வாசலில் சொல்லிக்கொள்கிறேன்.

நடங்கள்.