எதிரொலி தொடர்பான ஐந்தாம் நினைவூட்டு

கல்வராயன் மலையில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு எதிரொலிகள் இருக்கின்றன. அரசாங்க ஜீப்பில், அரசாங்க டீசலில், அரசாங்கத் தொண்டையால் அவற்றை ஒன்று விடாமல் எண்ண வைத்தவன் நான். அதற்காகச் சங்கராபுரத்தில் என் வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. லுங்கியில்தான் இருந்தேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. விசாரிக்க வந்த அம்மாளே நம்பவில்லை.

என் பெயர் சுப்புராயன். கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பவர்கள் பாவம். தொண்ணூற்றாறில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கருப்புத் திரை, பச்சை எழுத்து. மூன்று நாள் பயிற்சிக்கு ஆறு பேரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஐந்து பேர் கடற்கரைக்குப் போனார்கள். நான் வகுப்புக்குப் போனேன். என் குற்றம் அங்கே தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே கற்றதைத்தான் இன்றைக்கும் மருமகன் தூக்கிப் போட்ட லேப்டாப்பில் செய்கிறேன். மெயில் அனுப்ப எனக்கு மவுஸ் வேண்டாம், பொத்தான் வேண்டாம், படம் வேண்டாம். கருப்புத் திரையில் அந்த நிரலின் பெயரையும் பெறுநரின் முகவரியையும் அடித்து எண்டரைத் தட்டினால், பொருள் என்னவென்று கேட்கும். சொன்னால் வாயை மூடிக்கொள்ளும். பிறகு நம் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம். முடித்ததும் புது வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்து எண்டர். கடிதம் போய்விட்டது. நிச்சயமாக அனுப்பவா, யோசித்தீர்களா என்றெல்லாம் அது கேட்காது. ஐந்து தடவையும் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பதில் வந்தால் அதே இடத்தில் வரிசை எண்ணோடு வந்து நிற்கும். எண்ணை அடித்தால் கடிதம் விரியும். அவ்வளவுதான்.

இப்படி அனுப்பும் கடிதத்தில் ஒரு சிறப்பு உண்டு. வண்ணம் இருக்காது, சின்னம் இருக்காது, கீழே காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ இருக்காது. அச்செடுத்துப் பார்த்தால் டைப்ரைட்டரில் அடித்த பழைய தாக்கீது போல வறண்டு கிடக்கும். அந்த வறட்சியைக் கண்டாலே எங்கள் ஆட்களுக்கு மேலிடத்து வாசம் அடித்துவிடும். அனுப்பியவர் முகவரியை யாரும் பார்ப்பதில்லை. நான் என் சொந்த முகவரியில் இருந்துதான் அனுப்பினேன். கையெழுத்து இடத்தில் மட்டும் 'மலைப்பகுதி ஒருங்கிணைப்புப் பிரிவு, பகுதி மூன்று' என்று போட்டேன். அப்படி ஒரு பிரிவு கிடையாது. பகுதி ஒன்றும் இரண்டும்கூடக் கிடையாது. மூன்று என்று போட்டால் மற்ற இரண்டும் எங்கோ வேலை செய்துகொண்டிருக்கும் என்று ஒரு நம்பிக்கை பிறக்கும்.

இப்போது தொழில் ரகசியத்துக்கு வருகிறேன். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் நானும் செய்ததில்லை. ஆனால் நினைவூட்டு வந்தால் கதை வேறு. முதல் கடிதம் எங்கே என்று தேடுவார்கள். கிடைக்காது. கிடைக்கவில்லை என்று எழுதினால் தொலைத்தவன் நீதானே என்று கேள்வி வரும். ஆகவே கடிதம் வந்தது, படித்தோம், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குவார்கள். இது என் கண்டுபிடிப்பல்ல. எங்கள் குல வழக்கம்.

நான் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. முதல் கடிதத்தை எழுதாமலே, என் பழைய அலுவலகத்துக்கு நேராக நினைவூட்டு எழுதினேன்.

'பார்வையில் காணும் கடிதத்தில் கோரியவாறு, கல்வராயன் மலையில் எதிரொலி கேட்கும் இடங்களின் விவரத்தைப் படிவத்தில் நிரப்பி அனுப்ப மீண்டும் நினைவூட்டப்படுகிறது.' படிவத்தில் நான்கு கலம். இடம், எத்தனை முறை திரும்பி வந்தது, என்ன சொன்னது, குறிப்பு. திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, தபால் பிரிக்கும் நேரத்தில், வாரம் ஒன்றாக நான்கு நினைவூட்டுகள் தானாகப் போகும்படி கம்ப்யூட்டருக்கு ஒரு வரி எழுதி வைத்தேன். அதன் பிறகு நான் இட்லி சாப்பிட்டேன். மேலே சொன்ன நான்கில் என் கை படவே இல்லை.

இரண்டாவது நினைவூட்டுக்கே ஜீப் கிளம்பிவிட்டது. வெள்ளிமலையில் ஒரு குழு, சேராப்பட்டில் ஒரு குழு. பள்ளத்தின் விளிம்பில் நின்று ஒருவர் கத்த, இன்னொருவர் விரல்விட்டு எண்ண, மூன்றாமவர் சான்றொப்பமிட்டார். 'என்ன சொன்னது' என்ற கலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் 'அலுவலர் சொன்னதையே சொன்னது' என்று எழுதியிருந்தார்கள். கணக்கில் வராத இன்னோர் இடத்தில் பாறை பதிலே தரவில்லையாம். அதனிடம் விளக்கம் கேட்கலாமா என்று என்னிடம் அனுமதி கோரியிருந்தார்கள். நான் கேட்கலாம் என்றேன்.

குறிப்புக் கலத்தில் சின்னப்பொண்ணு என்கிற மலைவாசிப் பெண்மணியின் கூற்று பதிவாகியிருந்தது. சாமை மூட்டையோடு போனவள் நின்று கேட்டிருக்கிறாள்.

"இன்னாத்துக்குய்யா இப்பிடிக் கத்திக்கினு கீறீங்க?"

"எதிரொலி கணக்கு எடுக்கறோம்மா."

"நாங்க பட்டா கேட்டுப் பத்து வருசமாக் கத்தறோம். அது எந்தக் கணக்குல வரும்?"

'பொருத்தமான பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தியாகதுருகம் வரை ஓடிவிட்டது.

நான்காவது நினைவூட்டுக்குத்தான் வேறு மாதிரி ஒரு பதில் வந்தது. அனுப்பியவர் பிரவீன்குமார், இளநிலை உதவியாளர். இரண்டே வரி. 'தாங்கள் குறிப்பிடும் முதல் கடிதம் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை. நகல் ஒன்று அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதை நான் பல முறை படித்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை எந்த அலுவலகத்திலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பிழையே இல்லாத கேள்வி. என்னிடம் பதில் இல்லாத கேள்வியும் அதுதான்.

அடுத்த வாரம் ஐந்தாவது நினைவூட்டு போனது. அதற்கடுத்த வாரம் பிரவீன்குமாரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். முக்கியமான அரசுக் கடிதத்தைத் தொலைத்தது, தொலைத்ததை மறைத்தது என்று இரண்டு குற்றச்சாட்டு.

கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என் வீட்டுக்கு வந்தார். சார்ஜ் மெமோவுக்கு விளக்கம் எழுதிக் கொடுப்பதில் நான் பெயர் பெற்றவன். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். அப்பா பாவாடையும் அம்மா செவ்வந்தியும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டுகிறார்கள். அந்த வீட்டில் முதல் அரசு வேலை இவருடையது. ஏழு வருடம் பரீட்சை எழுதி வாங்கியது. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

நான் அவருக்கு நல்ல யோசனைதான் சொன்னேன். கடிதம் வந்தது, கவனக்குறைவால் தவறிவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதினால் ஒரு சம்பள உயர்வை நிறுத்துவதோடு போகும் என்றேன்.

"வராத கடுதாசிய வந்துச்சின்னு எப்பிடிங்க எழுதறது?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்."

"எழுதினா வேல நிக்கும். ஆனா நாளைக்கு வேறெது தொலைஞ்சாலும் என்னையத்தாங்க கேப்பாங்க." நுனியிலிருந்து இன்னும் முன்னால் நகர்ந்தார். "எங்கம்மா சஸ்பெண்டுன்னா லீவுன்னு நெனச்சிக்கினு கீதுங்க. நல்லா ரெஸ்டு எடுடா கண்ணுன்னுது."

காபி கொண்டு வந்த என் மனைவி கமலா டம்ளரை வைக்காமல் நின்றாள். கருப்புத் திரையில் நான் என்ன செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். மாடு ஓடிய அன்றே சொல்லியிருந்தேன். அவர் போனதும் கேட்டாள்.

"அந்தப் புள்ள நெசத்தச் சொல்லுது. நீங்க அதுக்குப் பொய் எழுதக் கத்துக் குடுக்கறீங்க. வெளங்குமாங்க இது?"

"வேலை போகாமல் இருக்க வழி சொன்னேன்."

"போவ வெச்சது ஆரு?"

அன்று மாலை முதல் எனக்குக் கஞ்சி. நான்காம் நாள் என் மனசாட்சி விழித்துக்கொண்டது. கஞ்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விசாரணை அலுவலராக விழுப்புரத்திலிருந்து விஜயலட்சுமி என்ற அம்மாள் இரண்டு நாள் முன்னால்தான் வந்திருந்தார். என் பழைய அலுவலகத்து மாடியில், பதிவறையில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்போடு போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைத் தொடாமலே கேட்டார்.

"நீங்க இங்க வந்திருக்கறது வூட்ல தெரியுங்களா சார்?"

"தெரியும்."

"வயசானா சில சமயம் இப்பிடித் தோணுங்க. எங்க மாமனாரு, வைகை அணைய நாந்தான் கட்டினேன்னாரு." ஒரு கோப்பை என் பக்கம் திருப்பினார். "கடுதாசியே இல்லன்றீங்க. இதோ இருக்குதே."

இருந்தது. நான் எழுதாத அந்த முதல் கடிதம் தேதியோடும் எண்ணோடும் வட்ட முத்திரையோடும் இருந்தது. விசாரணைக்குக் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக மறுபடி தயாரித்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். மூன்றாம் பத்தியில் எதிரொலிகளை ஆண், பெண் என்று பிரிக்கச் சொல்லியிருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. என் இடத்துக்கு வந்த கண்காணிப்பாளர் பிச்சைமுத்துவின் வேலை. கூப்பிட்டுக் கேட்டார் அம்மாள்.

"நாந்தாங்க சீல் வெச்சேன் மேடம். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றார் பிச்சைமுத்து. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததாகவே நம்பினார்.

அவர் போனதும் நான் சொன்னேன்: "ஒரே ஒரு நினைவூட்டு. உங்கள் முன்னால். என்ன கேட்பதென்று நீங்களே சொல்லுங்கள்."

என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். "இந்த மாடிக்கு எத்தினி படின்னு கேளுங்க," என்றார். கருப்புத் திரையைத் திறந்தேன். 'அலுவலக மாடிப்படிகளின் எண்ணிக்கை கோரிச் சென்ற மாதம் அனுப்பிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.' நினைவூட்டு இரண்டு. புள்ளி. எண்டர்.

"நாலு நெனவூட்டு தானாப் போச்சுன்றீங்க," என்றார் அம்மாள், பொழுது போக. "அஞ்சாவது?"

"அதை நான் கையால் அடித்தேன்."

"அதுல இன்னா இருந்துச்சு?"

ஒளிப்பதற்கில்லை. மனப்பாடமாகச் சொன்னேன். 'முதல் கடிதம் பெறப்படவில்லை எனத் தெரிவித்த பணியாளரே அதைத் தொலைத்தவர் எனக் கருதி, பொறுப்பை நிர்ணயித்து, நடவடிக்கை எடுத்து, ஒரு வாரத்துக்குள் அறிக்கை அனுப்புக.' நல்ல வாக்கியம். எந்த இடத்திலும் தடுக்காது.

"பேரு தெரிஞ்சே எழுதினீங்களா?"

"அவர் பதிலில் பெயர் இருந்ததே. வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஓர் ஆள் கேட்டுவிட்டால் இன்னோர் ஆளும் கேட்பான். அப்புறம் அலுவலகம் எப்படி நடக்கும்? நான் அலுவலக ஒழுங்கைத்தான் யோசித்தேன்."

அம்மாள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. ஆனாலும் நம்பவில்லை. பைத்தியம் என்பதோடு கெட்ட கிழவன் என்பதும் சேர்ந்துகொண்டது.

அரை மணி கழிந்தது. வெளியே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படிக்கு ஒரு நிறுத்தம். "பதினெட்டு... பத்தொம்போது..." என்று ஒரு குரல் மேலேறி வந்தது. பாதியில் சந்தேகம் வந்து மறுபடி கீழே இறங்கி, ஒன்றிலிருந்து தொடங்கியது. அம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சிரைக்க உள்ளே வந்தார் பிச்சைமுத்து. கையில் புது நாடா கட்டிய கோப்பு.

"மேடம், மாடிப்படி சம்பந்தமா ரிமைண்டர் வந்துச்சுங்க. இருவத்தி மூணு படி. ஒன்னு ஒடஞ்சிருக்கு, அதயும் சேத்து."

"மொதல் கடுதாசி?"

"போன மாசமே வந்துடுச்சுங்க. நாந்தான் பார்த்தேன்."

"எங்க அது?"

"அந்தப் பிரவீன்குமார்தாங்க தொலைச்சிட்டான்."

"அவரு சஸ்பெண்டு ஆயி மூணு மாசம் ஆவுது பிச்சைமுத்து."

பிச்சைமுத்து கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். "போறப்பவே தொலைச்சிட்டுப் போயிருப்பான் மேடம்."

அவரை வெளியே அனுப்பிவிட்டு அம்மாள் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியே பேருந்து நிலையத்துப் பக்கம் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று வரி எழுதினார், பேனாவை மூடினார். பிரவீன்குமார் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். என்மீது போலீசில் புகார் போகிறது, லேப்டாப்பை இங்கேயே வைத்துவிட்டுக் கீழே போய் உட்காருங்கள் என்றார். எல்லாம் நியாயம்தான். நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இன்னா சார்?"

"நான் சொன்னது நடந்ததா, இல்லையா? அதை மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நடந்துதுங்க சார். எல்லாமே நடந்துது."